ஏழாம் மாதமும் ஒரு தண்ணீர்ப் பம்பும்

கார் எஞ்சின் கொதித்தால் அதற்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். போய்ச் சேரவில்லையென்றால் அனுப்புகிறவன் கள்ளன் என்று அர்த்தம். இப்படித்தான் நான் நம்பியிருந்தேன். குடியேற்றத் திட்டத்தில் வயல் செய்கிறவனுக்கு வேறு எப்படி யோசனை போகும்? வாய்க்காலின் கடைசிக் காணி என்னுடையது. பயிர் வாடினால் நாங்கள் பயிரைப் பார்ப்பதில்லை. நேரே மதகடிக்குப் போய், அதைத் திறந்து மூடுகிறவரை வாயாரத் திட்டிவிட்டுத் திரும்புவோம். பெரும்பாலும் பிழையும் அவர்மேல்தான் இருக்கும். ஆகவே கொதித்த எஞ்சினுக்கு முன்னால் நின்றபோதும், உள்ளே தண்ணீரைச் சுற்றி ஓடவிடுகிற அந்தச் சின்னப் பம்ப்தான் எனக்கு மதகுக்காரனாகத் தெரிந்தது.

கார் பழசு. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தி இங்கிலாந்தில் செய்தது. மலைநாட்டுத் துரை ஒருவரிடமிருந்து கைமாறிக் கைமாறிக் கிளிநொச்சிக்கு வந்து என்னிடம் அகப்பட்டது. கறுப்பு நிறம், முன்னால் தட்டத்தின் அளவில் இரண்டு விளக்கு, கதவைத் திறந்தால் தோல் மணம். அதை நான் துடைத்த அளவுக்கு என் சொந்த முதுகைத் தேய்த்ததில்லை.

மனைவிக்கு அப்போது முதற்பிள்ளை, ஏழாம் மாதம். முதற்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விடவேண்டும். எட்டில் பயணம் கூடாது. ஒன்பதில் எங்கள் ரோட்டுக் கிடங்கு பள்ளங்களில் அவளை ஏற்றி இறக்க எவனுக்கும் துணிவு வராது. ஆகவே ஏழு முடிவதற்குள் பருத்தித்துறைப் பக்கம் இருந்த மாமியார் வீட்டில் அவளைச் சேர்த்தாக வேண்டும். நல்ல நாளும் பார்த்தாயிற்று. மாதம் முடியுமுன் வாய்த்தது அந்த ஒரு நாள்தான். அந்தக் கிழமை பார்த்துத்தான் கார் கொதிக்கத் தொடங்கியது. சந்தைக்குப் போய் வருவதற்குள் கேத்தல் மாதிரி ஆவி கக்கியது.

பஸ்ஸில் போகலாமே என்றாள் மனைவி. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது.

"சொந்தக் கார் வைச்சிருக்கிறவன்ரை பெண்சாதி பஸ்ஸில போறதோ? ஊர் என்ன சொல்லும்?"

"பஸ் கொதிக்காதெண்டு சொல்லும்," என்றாள்.

நான் காரைத் துடைக்கப் போய்விட்டேன். துடைத்தபடியே பயந்தேன். ஆனையிறவில் நடு ரோட்டில், இரண்டு பக்கமும் உப்புநீர், காருக்குள் பிரசவம்; கிடைத்த ஒரு வாளி நல்ல தண்ணீரைப் பிள்ளைக்குக் கொடுப்பதா றேடியேற்றருக்குக் கொடுப்பதா என்று நான் ஓடித் திரிகிறேன். இந்தக் காட்சியை மனதுக்குள் எத்தனையோ தரம் ஓட்டினேன். ஒவ்வொரு தரமும் பிள்ளை இன்னும் கொஞ்சம் அவசரமாகப் பிறந்தது. பிள்ளைத்தாய்ச்சியோ அடுப்படியில் நிம்மதியாக மாங்காய்க்கு உப்பும் தூளும் தொட்டுக் கடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கவும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பம்பைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வவுனியாவுக்கு வெளிக்கிட்டேன். பஸ்ஸில்தான். அதை அப்போது யாராவது சொல்லிக்காட்டியிருந்தால் அடித்திருப்பேன். விசிறி பம்பின் முனையில் பூட்டப்பட்டிருந்ததால், எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் இடையில் இருந்த இடைவெளியை ஓர் ஈர்க்கால் அளந்து, முறித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அந்தக் கிழமை முழுவதிலும் நான் புத்தியோடு செய்த காரியம் அது ஒன்றுதான்.

மோட்டார்ச் சாமான் கடை முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர். பகிடியில் என்னை விழுங்கிவிடுவார். மூன்று பம்புகளை மேசையில் வைத்தார். முதலாவது ஏதோ லொறியினுடையது, பூசணிக்காய்ப் பருமன். கண்டதும் எனக்கு அதில்தான் ஆசை விழுந்தது. அவ்வளவு பெரிய மதகு இருந்தால் எந்தக் கடைசிக் காணி காயும்? ஆணித் துளைகள்கூடக் கிட்டத்தட்டப் பொருந்தின. ஆனால் ஈர்க்கை வைத்துப் பார்த்தால் பம்ப் இரண்டு விரல் நீளம் கூட. பூட்டினால் விசிறி றேடியேற்றரை அரிந்துவிடும். விடுவேனா? றேடியேற்றரைச் சற்று முன்னுக்குத் தள்ள ஏலாதோ என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பம்புக்குத் தோதாக ஒரு காரும் வாங்கித் தரட்டோ என்றார்.

இரண்டாவது என் எஞ்சினின் இனம்தான், ஆனால் பாவித்தது. அச்சைப் பிடித்து ஆட்டினால் விழப்போகிற பல்லைப்போல ஆடியது. மூன்றாவது புதிசு. நீளம் சரி, பெல்ற் ஓடுகிற சில்லும் நேர்கோட்டில் வந்தது, உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற இதழ்கள் என்னுடையதைவிட இரண்டு கூட. அதையே எடுத்தேன்.

கட்டித் தருமுன் அவர் என் பழைய பம்பைக் கையில் எடுத்து ஒரு விரலால் சுழற்றினார். ஒழுகுகிறதா, சத்தம் போடுகிறதா என்று விசாரித்தார். இரண்டும் இல்லை என்றேன்.

"அப்ப இதில என்ன பிழை, தம்பி?"

"எஞ்சின் கொதிக்குது."

"சுகமாயிருக்கிற மனிசனை ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறியள்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. சாமான் விக்கிறியளோ கதை விக்கிறியளோ என்று கத்தினேன்.

"சாமான்தான் விக்கிறன். கதை சும்மா," என்று சொல்லிக் கட்டித் தந்தார்.

புதுப் பம்பைப் பூட்டி முடிக்கும்போது பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் ஆகிவிட்டது. விரல் முட்டிகளில் தோல் இல்லை. வேப்பமரத்து நிழலில் காரை நிற்க வைத்தபடியே கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். கொதிக்கவில்லை. அதையே வெற்றியென்று எடுத்து, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நிற்கிற கார் ஏன் கொதிக்கப்போகிறது என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விடிந்ததும் நல்ல நேரத்தில் புறப்பட்டோம். பரந்தன் வரை ராசா மாதிரி ஓட்டினேன். ஆனையிறவு கிட்டத் தொடங்க றேடியேற்றர் மூடியின் இடுக்கால் ஆவி வந்தது. பிறகு காரின் முன்கண்ணாடி முழுவதும் ஆவி. இறங்கி ரயரை உதைத்தேன். நொந்தது என் பெருவிரல். கடை முதலாளியைத் திட்டினேன், இங்கிலாந்தைத் திட்டினேன், பழக்க தோஷத்தில் எங்கள் மதகுக்காரரையும் திட்டினேன். மனைவி சீற்றில் இருந்தபடி வயிற்றைத் தடவிக்கொண்டாள். நான் மனதுக்குள் ஓட்டிய காட்சி தொடங்கிவிட்டதென்று கதவடிக்கு ஓடினேன்.

"நோகுதோ?"

"பசிக்குது."

பின்னால் யாழ்ப்பாண பஸ் வந்து தானாகவே நின்றது. கண்டக்டர் தலையை நீட்டிப் பார்த்தார். "அண்ணை, அக்காவை நாங்கள் கொண்டுபோறம். நீங்கள் காரைக் கொண்டு வாங்கோ, ஏலுமெண்டால்." உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் மனைவி பையோடு இறங்கி நின்றாள். முன் சீற்றில் இருந்த ஒருவர் எழும்பி இடம் கொடுத்தார். யன்னலால் எட்டிப் பார்த்து, இராச் சாப்பாட்டுக்காவது வந்து சேரச் சொன்னாள். பஸ் போய்விட்டது.

அந்தப் பம்பைக் கழற்றி உப்பேரிக்குள் எறிவது என்ற முடிவோடு நான் முன் கம்பிச் சட்டத்தைக் கழற்றினேன். பின்னால் றேடியேற்றரைக் காணவில்லை. பதரும் கூளமும் வைக்கோல் தும்பும் மெத்தைபோல அடைத்துக் கிடந்தன.

அதற்கு முந்தின கிழமை, அறுவடைக்குப் பிறகு மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, கதிர் மிதிக்க எங்களுக்கு எருமைகள் வாய்க்கவில்லை. அயலட்டைக்குக் காட்டவேண்டுமென்று, களத்தில் பரவிய கதிரின்மேல் நான் காரை வட்டம் வட்டமாக ஓட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த வட்டம் முழுவதையும் கார் மூச்சோடு உள்ளே இழுத்து வைத்திருந்தது. தண்ணீர் குறையாமல் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதை ஆற்றுகிற காற்றுப் போகத்தான் வழியில்லை.

ஸ்குறூ ட்றைவராலும் விரலாலும் கிளறி எடுத்தேன். ஒரு கன்றுக்குட்டிக்கு ஒருநேரத் தீனி தேறும். உப்பளத்துக் காவற்காரர் ஒரு வாளி நல்ல தண்ணீர் தந்தார். ஊற்றிக்கொண்டு ஓட்டினேன். மாமியார் வீடு வரைக்கும் சூடு காட்டுகிற ஊசி மேலே ஏறவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது மனைவி குளித்து, சாப்பிட்டு, நித்திரையாகியிருந்தாள். மகள் உரிய மாதத்தில் அங்கேயே சுகமாகப் பிறந்தாள். பழைய பம்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை.