ஜெர்மன் வகுப்பும் பெங்களூர்த் தலையாட்டலும்

பெங்களூரில் யாருக்கும் எதுவும் தெரியாமல் இருப்பதில்லை. ஜோகுபாளையத்தில் நான் அறை எடுத்த புதிதில் தபாலாபீசுக்கு வழி கேட்டேன். மூன்று பேர் மூன்று பக்கம் கையைக் காட்டினார்கள். எங்கள் குடியாத்தத்தில் என்றால், "தெரியலப்பா, அந்தக் கடையில கேளு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார்கள். இங்கே தெரியாது என்றால் கௌரவம் போய்விடும். அதிலும் வெள்ளைக்காரனிடம் தெரியாது என்று சொல்லிவிட்டால் ஊர் மானமே கப்பலேறிவிடும்.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த ஃபாக்டரிக்குப் புது மெஷின்களோடு ஜெர்மனியிலிருந்து கெலர் என்ற எஞ்சினியர் வந்தார். ஒரே ஒரு ஆளை அங்கே பயிற்சிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். அந்த ஒருவன் நானாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி. சாயங்காலங்களில் கெலரே கேன்டீனில் ஜெர்மன் சொல்லிக்கொடுத்தார். முதல் நாளே கரும்பலகையில் சில வார்த்தைகளை எழுதி, இதெல்லாம் இங்கிலீஷ் மாதிரி இருக்கும், நம்பாதீர்கள் என்றார். ஃபாப்ரீக் என்றால் துணி இல்லை, ஃபாக்டரி. கிஃப்ட் என்றால் பரிசு இல்லை, விஷம். பால்ட் என்றால் வழுக்கை இல்லை, சீக்கிரம்.

பக்கத்தில் இருந்த சந்திரசேகர் கொட்டாவி விட்டான். கண்டோன்மென்ட் கான்வென்டில் படித்தவன். "இங்கிலீஷ் தெரிஞ்சவனுக்கு ஜெர்மன் சும்மா பா. பாதி வார்த்தை நம்மளுதுதான். நீ ஏன் மாங்கு மாங்குன்னு எழுதற?" என்றான். நம்மளுதாம்! இங்கிலீஷ்காரன் மூட்டை கட்டிப் போய் வருஷமாகிறது. அவன் விட்டுப்போன பாஷையைச் சொந்தச் சொத்து மாதிரி இன்னும் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

தேர்வு மெஷின் பக்கத்திலேயே நடந்தது. கெலர் ஜெர்மனில் ஒரு வேலையைச் சொல்வார், நாம் செய்து காட்ட வேண்டும். சூப்பரின்டெண்ட் பத்மநாபன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சந்திரசேகர் "யா, யா" என்று தலையாட்டிவிட்டு, சொல்லாத எதையோ சிரித்துக்கொண்டே திருகினான். என் முறை வந்தபோது எனக்கும் பாதிதான் பிடிபட்டது. புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்று ஜெர்மனிலேயே கேட்டேன். அவர் மறுபடி சொன்னார். செய்தேன். தோளில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் பத்மநாபன் கூப்பிட்டார். "ஏன்பா, அந்த ஆள் எதிர்ல புரியலன்னு சொல்லலாமா? நம்ம மானம் என்ன ஆவறது? சந்திரசேகரப் பாரு, எவ்ளோ டீசென்ட்டா நின்னான். அவன்தான் போறான்."

கெலர் கிளம்பிய அன்று வாசலில் மாலை போட்டார்கள். அவர் நேரே என்னிடம் வந்து ஜெர்மனில் கேட்டார்: "பயிற்சிக்கு உன்னைத்தான் அனுப்பச் சொன்னேன். வர இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டாயாமே, ஏன்?" ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது.

"என்னப்பா கேக்கறாரு?" என்றார் பத்மநாபன்.

"நான் ஏன் வரமாட்டேன்னு சொன்னேன்னு கேக்கறாரு, சார்."

அவர் முகம் துளிக்கூட மாறவில்லை. "சம்சாரம் விடலன்னு சொல்லிடு."

இந்த ஊரில்தானே நான் பிழைக்க வேண்டும். தப்பில்லாத ஜெர்மனில் அப்படியே சொன்னேன். கெலர் வருத்தப்பட்டு, என் மனைவியை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். ஜீப் புறப்பட்டது. உள்ளே போகவும் மனமில்லாமல், வெளியே போகவும் வழியில்லாமல் கேட்டருகே நின்றேன். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.