நீலம் தீர்ந்த போட்டோ

பிரிண்டருக்கு மை ஊற்றும் நாளில் எங்கள் வீட்டுச் சமையலறை அம்மாவுக்குச் சொந்தமில்லை. ஜன்னலோர மேடையில் அத்தை பழைய பேப்பரை விரித்துவிடுவாள். மருந்துக்கடை சிரிஞ்சு, மை பாட்டில்கள், பிளேடு, அப்பாவின் கிழிந்த வேட்டித் துணி, விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சிகள் என்று கடை பரப்பிவிட்டால், சோறு வடிக்கக்கூட அம்மா அனுமதி கேட்க வேண்டும்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரில் மூலையில் கிடந்த பிரிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து உயிர் கொடுத்தவள். சாயங்காலமானால் தெருப் பிள்ளைகளெல்லாம் எங்கள் வாசலில்தான் நிற்போம். பறவைகள் படம் வேண்டும், தேசத் தலைவர்கள் படம் வேண்டும், எல்லாம் நாளைக்குக் காலையில் டீச்சரிடம் கொடுத்தாக வேண்டும். அத்தை யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. மை தீர்ந்தால் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குவதுதான் மற்றவர்கள் வழக்கம். அத்தைக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. குடம் காலியானால் குடத்தையா மாற்றுவார்கள் என்று கேட்பாள்.

கறுப்பு மை ஊற்றுவது லேசு. கலர் டப்பாதான் ஆளைச் சோதிக்கும். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்தால் மூன்று பொடித் துளைகள் இருக்கும். எது மஞ்சள், எது ரோஸ், எது நீலம் என்று வெளியே எழுதியிருக்காது. ஒவ்வொன்றிலும் புது ஈர்க்குச்சியை விட்டு எடுத்து, நுனியில் ஒட்டிய நிறத்தைப் பார்த்துக்கொள்வாள். பிறகு அந்தந்த மையைச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். அவசரப்பட்டால் ஒன்று பொங்கி இன்னொன்றில் விழுந்து எல்லாம் சேற்று நிறமாகிவிடும். நிரப்பி முடித்ததும் டப்பாவின் அடிப்பக்கத்தை ஈரத்துணியில் ஒற்றுவாள். மூன்று நிறமும் மூன்று கோடாகப் பதிந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்பேன். என்னைப் பொறுத்தவரை சங்கரன்கோவிலிலேயே பெரிய ஆள் அத்தைதான்.

அப்பேர்ப்பட்ட அத்தைக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்பதுதான் வீட்டின் கவலை. அத்தை நல்ல கறுப்பு. ஸ்டுடியோக்காரர் போட்டோவில் அவளை ரவை உப்புமா நிறத்தில் வெளுத்துக் கொடுத்திருந்தார். அந்தப் போட்டோவை நம்பி வந்த இரண்டு குடும்பங்களும், கோயிலில் அவளை நேரில் பார்த்ததும், பிரகாரத்தைக்கூடச் சுற்றாமல் பஸ் ஏறிவிட்டன. எங்கள் பக்கம் பெண்ணைக் கோயிலில் வைத்துத்தான் காட்டுவார்கள். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டதுபோல நடந்துகொள்வார்கள். வேண்டாமென்று போனாலும் யாருக்கும் தலைகுனிவில்லை என்பது பெரியவர்கள் கணக்கு. அத்தை அந்த இரண்டு நாளும் சாப்பிடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். அப்போது நான் இரண்டாம் வகுப்பு.

மூன்றாவதாக வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. இந்த முறை ஸ்டுடியோ வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டாள். பச்சைச் சேலை கட்டி, நீலச் சுவர் முன்னால் நின்று, அப்பாவை மொபைலில் எடுக்கச் சொன்னாள். தானே பிரிண்ட் போட்டாள். பளபளக்கும் போட்டோ பேப்பரில் அத்தை வெளியே வந்தபோது அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். முகம் அப்படியே ரோஜாப்பூ நிறம்.

"இது போதும். இனி ஒண்ணும் செய்யாத," என்றாள் அம்மா.

"மதினி, நீலம் தீந்துபோச்சு. பச்சைச் சேலை மஞ்சளா வந்திருக்கு, பாத்தியளா?"

"சேலையையா கட்டிக்கிடப் போறாங்க? மூஞ்சி எவ்வளவு லட்சணமா இருக்கு!"

வாசலில் காத்திருந்த தரகரைக் காட்டி அப்பாவும் அவசரப்படுத்தினார். "மை ஊத்துத வேலையெல்லாம் பொறவு வச்சுக்க. அவரு நிக்காருல்ல."

"அங்கன போயி நிக்கப் போறது நான்தான அண்ணே. இந்தப் போட்டோவா நிக்கும்?" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவே இல்லை. பேப்பரை விரித்து, ஈர்க்குச்சியை உருவ ஆரம்பித்துவிட்டாள். தரகர் இரண்டு டம்ளர் காபி குடித்துக்கொண்டே காத்திருந்தார்.

நீலம் ஏறியதும் சேலை பச்சையானது, சுவர் நீலமானது, அத்தை கறுப்பானாள். அவள் அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தன் முழங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் என்று சொல்லி, கம்ப்யூட்டரில் எதையோ நகர்த்தி இன்னொன்று போட்டாள். அது அவள் கை நிறத்தோடு அப்படியே பொருந்தியது. தரகர் அதைத்தான் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரியான அத்தைக்குத் தன் போட்டோவை மட்டும் ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லையே! அவள் ஒதுக்கிப் போட்ட ரோஜாப்பூ அத்தையை எடுத்து என் பாசிமணிப் பைக்குள் பத்திரப்படுத்தினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அத்தை அதே பச்சைச் சேலையில் வந்தாள். அம்மன் சந்நிதிக்கு வெளியே மாப்பிள்ளையின் அம்மா தற்செயலாக எங்களைப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு தூணை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த அம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்தார். அதைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"போட்டோல இருக்க மாதிரியே இருக்கியே தாயி," என்றார்.

என் அம்மாவின் முகம் தொங்கிவிட்டது. எனக்கும் அது குறைசொல்வதுபோலத்தான் கேட்டது. அத்தையை இப்போது நான் காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவது? பையைத் திறந்து படத்தை நீட்டினேன்.

"அது சரியா வரல. இதப் பாருங்க. இதுல நல்லாருக்கா!"

அம்மா என் தொடையைக் கிள்ளிய கிள்ளில் கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பா சட்டென்று கோபுரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அத்தை மட்டும் நகரவில்லை, கீழேயும் குனியவில்லை. அந்த அம்மா படத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப்பிடித்துப் பார்த்தார்.

"இது யாரு மக்கா?"

"எங்க அத்தைதான்!"

இன்னொரு தடவை நன்றாகப் பார்த்தார். "எனக்கு யாருன்னு தெரியலயே," என்று படத்தை என் பைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டு, பச்சைச் சேலைப் படத்தைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு என் அம்மாவிடம், "இதுக்கு முன்ன போன எடத்துலயெல்லாம் போட்டோவக் கையில வச்சுக்கிட்டு, பொண்ணு எங்கன்னு தேடிக்கிட்டு நின்னோம்," என்றார். "இத எடுத்தது எந்த ஸ்டுடியோ?"

"நான்தான் அடிச்சேன். வீட்டுலயே மை ஊத்தி," என்றாள் அத்தை.

தூணை விட்டு மாப்பிள்ளை முதல்முறையாகத் திரும்பினார். "கலர் டப்பாவுலயுமா? எங்க ஆபீஸ்ல ஊத்தினா எல்லாம் ஒண்ணாக் கலந்துருதே."

"வேகமா ஊத்தியிருப்பிய," என்றாள் அத்தை.

அந்த அம்மா சிரித்துவிட்டு, தை பிறந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா வேகமாகத் தலையாட்டினார். அன்றைக்குப் பிரகாரத்தை எல்லோரும் சேர்ந்தே சுற்றினோம். அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. படத்தைப் பார்த்து யாரு என்று அந்த அம்மா கேட்டதுதான் அவளை நோகடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை என் கூட்டாளிகளிடம் சொன்னேன். அத்தைக்குக் கல்யாணம் என்று எல்லோரும் குதித்தார்கள். எனக்கு மட்டும் குதிக்க மனமில்லை. படத்தை முகத்துக்கு நேரே பிடித்தும் ஆளை அடையாளம் தெரியாத ஒரு மாமியாரிடம் போய் அத்தை எப்படிக் காலம் தள்ளப் போகிறாளோ என்று அவர்களிடம் வருத்தப்பட்டேன்.