புதன்கிழமை வருகைப்பதிவு

மருத்துவமனைத் தையலறையில் அவளுக்குப் பெயர் ‘காலேஜ்’. கல்லூரியில் ‘தையல் அக்கா’. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டில் புருஷன் ஒருவர்தான் இருந்தார். அவரும் ‘ஏம்மா’வோடு நிறுத்திக்கொள்வார்.

காலை ஆறிலிருந்து இரண்டு வரை கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பாள், அறுவைசிகிச்சை அங்கிகளுக்கு நாடா வைப்பாள். இரண்டரைக்குக் கல்லூரி, ஏழு வரை. நாற்பத்தோரு வயதில் பரிசோதனைக்கூடப் படிப்பு, கடைசி வருடம். முடித்துவிட்டால் அதே மருத்துவமனையில் மூன்றாவது மாடிப் பரிசோதனைக்கூடத்துக்குப் போய்விடலாம். தையல் மெஷினின் கழுத்தில் பிளாஸ்திரி போட்டுப் பாடக் குறிப்பை ஒட்டிவைத்திருந்தாள். ஊசி ஓடும்போதே உதடும் ஓடும்.

புதன்கிழமை மட்டும் செய்முறை வகுப்பு ஒரு மணிக்கே தொடங்கிவிடும். பக்கத்து மெஷின்காரி அந்த ஒன்றரை மணி நேரத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்வாள். அந்தப் புதனன்று மெஷின்காரிக்குக் காய்ச்சல். நாலு மணிக்குள் அறுபது அங்கி மேலே போயாக வேண்டும்.

“இன்னிக்குப் போகாதேன்னு நான் சொல்லல. போயிட்டு யார் தைப்பாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போ,” என்றார் மேற்பார்வையாளர் அம்மா.

அவள் போகவில்லை. அதன் பொருள் என்னவென்று அவளுக்குத் தெரியும். போன வாரம்தான் கல்லூரி அலுவலக எழுத்தர் சொல்லியிருந்தார்: “இன்னும் ஒரு செய்முறை விட்டீங்கன்னா பரீட்சைக்கு உக்கார முடியாது அக்கா. வருஷம் போச்சு.” நாலு மணி வரை நாடா வைத்துவிட்டு, அழுவதற்கும் தெம்பில்லாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் கெஞ்சிப் பார்ப்பதற்கென்றே செய்முறை வகுப்பு எடுக்கும் சார் அறைக்குப் போனாள். வாசலில் ஒல்லிப்பெண் நின்றிருந்தாள். செய்முறை மேசையில் இவளுக்கு ஜோடி, பத்தொன்பது வயது. கண்கள் வீங்கியிருந்தன.

“நேத்து எனக்கு முட்டை அக்கா. உங்களுக்கு என்ன, உங்க நோட்ல கையெழுத்து வாங்கிட்டீங்க.”

“நான் எங்கடி நேத்து வந்தேன்?”

“ஆமா, வரல. பக்கத்துல உக்காந்திருந்தது உங்க தங்கச்சி. போங்கக்கா, நானே நொந்து போயிருக்கேன்.”

செய்முறை நோட்டுகள் பரிசோதனைக்கூடத்து அலமாரியில்தான் இருக்கும். எடுத்துப் பார்த்தாள். புதன்கிழமைத் தேதி. ரத்த அணு எண்ணிக்கை. ‘ண’ வந்த இடமெல்லாம் பேனா அழுந்தி, அவள் கையெழுத்தேதான். கீழே சாரின் பச்சை மை. வருகைப்பதிவிலும் அவள் எண்ணுக்கு நேரே ‘வந்தார்’.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. அதை நினைத்துத்தான் பிறகு பயந்தாள்.

“உனக்கு ஏன் முட்டை?” என்று திரும்பி வந்து கேட்டாள்.

“ஒருத்தர் விரலை ஒருத்தர் குத்தித்தானே ரத்தம் எடுக்கணும்? உங்க விரலைக் குத்தினேன். நீங்க முகத்தைக்கூடச் சுளிக்கல. சிவப்பாத்தான் வந்துச்சு. மைக்ராஸ்கோப்ல வச்சா ஒரு அணு இல்லக்கா. எண்ணுறதுக்குப் போட்ட வெறும் கட்டம்தான் தெரியுது. மூணு தடவை எடுத்தேன். தண்ணிய வச்சு ஏமாத்துறியான்னு சார் எல்லார் முன்னாடியும் கேட்டாரு. இப்ப நான் பரீட்சைக்கு உக்கார முடியாது.”

அவள் தன் பத்து விரல்களையும் திருப்பிப் பார்த்தாள். தையல் ஊசி குத்திய பழைய தழும்புகள் இருந்தன. புதிதாக ஒன்றும் இல்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். மூன்று வருடம் பேருந்தில் நின்றுகொண்டே தூங்கியவள். வெள்ளிக்கிழமை தையலறைப் பணிப்பதிவை மேற்பார்வையாளர் அம்மாவின் கையெழுத்தோடு வாங்கிப் போய் சாரின் மேசையில் வைத்தாள். புதன், காலை ஆறு முதல் மாலை நாலு.

சார் இரண்டு முறை படித்தார். “உங்களை நான் பார்த்தேம்மா. கேள்வி கேட்டேன், பதில் சொன்னீங்க.”

“என் விரலைக் குத்திப் பாருங்க சார்.”

அவரே குத்தினார், அவரே எண்ணினார். அணுக்கள் கட்டம் கட்டமாக நிறைந்திருந்தன. வெகுநேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை.

“அப்ப நான் கையெழுத்துப் போட்டது யாருக்கு?”

ஒல்லிப்பெண்ணுக்கு மறுசெய்முறை கொடுத்தார். பிறகு வருகைப்பதிவில் இவள் எண்ணுக்கு நேரே இருந்ததை அடித்து ‘வரவில்லை’ என்று எழுதினார்.

அலுவலகத்தில் அதைப் பதிந்துவிட்டு எழுத்தர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: “வராத நாளுக்கு வந்தேன்னு சண்டை போட்டவங்களைத்தான் பாத்திருக்கேன். நீங்க ஒரு தினுசு அக்கா.”

வீட்டில் சொன்னபோது புருஷன் சாப்பாட்டிலிருந்து தலை தூக்கினார். “ஒரு வருஷம்தானே, ஏம்மா. உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வாவது கிடைக்கும்.” தன்னைப்போல ஒருத்தி வகுப்பில் உட்கார்ந்திருந்ததை அவரிடம் அவள் சொல்லவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

பரீட்சை நாள் காலை, தையலறையில் ஒரு விரிப்பை மெஷினில் கொடுத்திருந்தாள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒல்லிப்பெண் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

“அக்கா, உங்க பேரு லிஸ்ட்ல இல்லைன்னுதானே சொன்னீங்க?”

“இல்லதான்.”

“அப்புறம் எதுக்கு உள்ள உக்காந்திருக்கீங்க? ஜன்னல் வழியாப் பாக்குறேன். கடைசி வரிசை. மேசைகூடப் போட்டிருக்காங்க.”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரும்பக் காதில் வைத்தாள்.

“நான் என்ன பண்ணிட்டிருக்கேன்?”

“கண்ணை மூடிட்டு ஏதோ முணுமுணுக்குறீங்க. பாடம் சொல்லிப் பாக்குற மாதிரி.” குரல் இறங்கியது. “அக்கா, நீங்க எங்க இருந்து பேசுறீங்க?”

“பெல் அடிக்கப் போகுது. நீ போய் உன் பேப்பரைப் பாரு. அந்தப் பக்கம் திரும்பாத.”

பத்திலிருந்து ஒரு மணி வரை அவள் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. தண்ணீருக்குப் போகவில்லை, டீக்குக் கூப்பிட்டபோதும் போகவில்லை. “என்ன காலேஜ், நாற்காலியோட சேத்துத் தச்சிக்கிட்டியா?” என்று பக்கத்து மெஷின்காரி கேட்டாள். அவள் அடுத்த விரிப்பை இழுத்துக்கொண்டாள். தான் எழுந்தால் அங்கே பரீட்சை எழுதிக்கொண்டிருப்பவளும் பாதியில் எழுந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.