விருத்தாசலத்தில் கணீரென்று ஒலித்த மூடிகள்

பீங்கான் பொம்மை வாங்க விருத்தாசலம் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு பாதிதான் பயன்படும். இந்தப் பிப்ரவரியில் நான் போனது ஒரு பை பிளாஸ்டிக் மணிகளோடு. கல்லூரித் தோழி ஜெயந்தி அங்கே மோட்டார் விசிறிக்கு மூடி வார்க்கிறாள். பழைய கண்ணாடியிழை பிளாஸ்டிக்கை அரைத்து, உருக்கி வார்ப்பது. அரைக்க அரைக்க இழை குட்டையாகி, மூடி அப்பளமாக நொறுங்குகிறது. நான் கொண்டுபோன, ரப்பர் குணமுள்ள பாலிமர் மணிகளைக் கொஞ்சம் கலந்தால் அடி தாங்கும்.

எழும்பூரில் காலை ரயில் ஏறினால் நாலு மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய்.

"திட்டக்குடி கடைக்காரரு ரெண்டு தடவ திருப்பிட்டாருடி. இதுவும் ஒடைஞ்சா மெஷின வித்துட வேண்டியதுதான்" என்றாள் ஜெயந்தி.

ஒப்பிட்டுப் பார்க்க, மணி கலக்காமல் பத்து மூடி, கலந்து பத்து மூடி வார்த்தாள். எல்லாம் ஒரே கறுப்பு. நாங்கள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள் அவள் கொழுந்தன் குமரேசன் உதவி செய்வதாக நினைத்து, நல்லதைப் பொறுக்கிப் பெட்டி கட்டித் திட்டக்குடி பஸ் ஏறிவிட்டார். பல வருஷம் பீங்கான் இன்சுலேட்டர் தரம் பிரித்தவர்.

அவர் கழித்துப் போட்டதில் ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்தேன். கை நழுவிச் சிமெண்ட் தரையில் விழுந்தது. உடையவில்லை. ஜெயந்தி அதை வாங்கி ஓங்கி அடித்தாள். அப்போதும் உடையவில்லை. நல்லது இங்கே கிடக்கிறதே என்று குமரேசனுக்குப் போன் போட்டாள்.

போனில் குமரேசன், "தட்டிப் பாத்துத்தான் எடுத்தேன் அண்ணி. கணீர்னு கேட்டதெல்லாம் பெட்டியில இருக்குது. பொத்துனு கேட்டத ஒதுக்கிட்டேன்" என்றார்.

பீங்கானில் பொத்தென்றால் உள்ளே விரிசல். இந்தப் பிளாஸ்டிக்கிலோ, அடியை வாங்கிக்கொள்ளும் மூடிதான் சத்தத்தையும் விழுங்கும். பெட்டியில் போனது அத்தனையும் நொறுங்கும் ரகம்.

கழிவு மூட்டையோடு அடுத்த பஸ் பிடித்தோம். ஒரு மணி நேரப் பயணம். இருவருக்கும் பயமாகத்தான் இருந்தது. நாங்கள் போவதற்குள் கடைக்காரர் ஒரு மூடியை மிதித்துப் பார்த்திருந்தார். இரண்டு துண்டு. பக்கத்தில் குமரேசன் தலை குனிந்து நின்றார்.

ஜெயந்தி விளக்கமெல்லாம் சொல்லவில்லை. மூட்டையிலிருந்து ஒன்றைக் கடைக்காரர் காலடியில் வைத்தாள். "இத மிதிங்க."

மிதித்தார். பிறகு ஏறிக் குதித்தார். அவர் செருப்பு வார் அறுந்தது.

"சரிம்மா, அம்பது போட்டுக் குடுங்க" என்றார், ஒற்றைக் காலில் நின்றபடி. ஜெயந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் குமரேசன் ஒரு மூடியைக் காதருகே வைத்துச் சுண்டிக்கொண்டே வந்தார். "ஆர்டர் கெடச்சிது, சந்தோஷங்க. ஆனா எங்காதுக்கு இது இன்னமும் விரிசல்தான்."

போகிறவர்களுக்கு: விருத்தாசலத்தில் பீங்கான் வாங்கினால் சுண்டிப் பாருங்கள். ஜெயந்தியின் மூடி வாங்கினால் மிதித்துப் பாருங்கள்; பழைய செருப்போடு போங்கள்.