பாடகருக்கு ஒரு கவ்வாத்து

இன்று ஹட்டனிலிருந்து லிந்துலை போகும் பஸ்ஸில், இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, நானும் செல்வாவும் எங்கள் ராக் பாடகரின் புதிய சீடியைக் கேட்டோம். பன்னிரண்டு வருடம் பாடாமல் இருந்த மனிதர்.

மூன்றாவது பாட்டிலேயே செல்வா இயர்போனைக் கழற்றிவிட்டான்.

"மனுசன் முடிஞ்சிட்டாருடா. அட்டையப் பாரு, முடியக்கூட ஒட்ட வெட்டிட்டாரு."

"கொரலு நல்லாத்தானே இருக்கு?"

"அந்த முடி இல்லாம என்னடா ராக்கு?"

அதே மாதிரி முடி வளர்த்து, பள்ளிக்கூட அதிபரிடம் அடி வாங்கியவன் அவன்.

முன் சீட்டு அக்கா மரக்கறிப் பையோடு திரும்பி அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"முடிஞ்சிட்டாருன்னு யாரு தம்பி சொன்னது? கவ்வாத்து வெட்டியிருக்காங்க. இனிமேத்தான் கொழுந்து வரும்."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். தேயிலையை ஒட்ட வெட்டினால்தான் புதிதாகத் துளிர்க்கும் என்று தெரிந்தவர்கள்தானே எல்லோரும். செல்வா இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டான்.

அக்காவிடம் எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. தொப்பியைக் கழற்ற வெட்கமாக இருந்ததால் கேட்கவில்லை.

என் தலையில் கவ்வாத்து முடிந்து ஐந்து வருடமாகிறது. கொழுந்தைத்தான் காணோம். உங்களில் யாருக்காவது துளிர்த்ததா?