கையைத் தூக்கினால் வலி இல்லை

சபையார் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். போன வருஷம் இதே இடத்தில் நின்று, சுகமாகிவிட்டேன் என்று சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன். மிச்சத்தைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் பொன்மலையில் பிளவுஸ் தைக்கிறவள். மழைக்காலத்தில் ஒரு நாள், வலது தோளிலிருந்து கட்டைவிரல் வரை சுரீரென்று இழுத்தது. அப்புறம் விரல் மதமதப்பு. கத்தரிக்கோல் தானாக நழுவி விழும். தைலம் தேய்த்தேன், சுளுக்கு எடுத்தேன், ஒன்றுக்கும் கேட்கவில்லை. இந்தக் கை போனால் நான் எதற்கு லாயக்கு என்று மிஷின்மேலேயே தலைவைத்து அழுதேன். "ஆண்டவரே, இந்தக் கையைத் திருப்பிக் கொடும்." அது ஒன்றுதான் என் ஜெபம்.

ஞாயிறு ஆராதனையில் எல்லோரோடும் கையை உயர்த்தினேன். வலி சட்டென்று நின்றது! பக்கத்தில் இருந்த மேரி, "அக்கா, கர்த்தர் தொட்டுட்டாருக்கா!" என்று கட்டிக்கொண்டாள். அங்கேயே சாட்சியும் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கையைத் தொங்கவிட்டதும் பழைய வலி. என் விசுவாசம்தான் குறைச்சல் என்று நினைத்து, வெளியே சொல்லாமல் கையைத் தூக்கித் தூக்கி ஜெபித்தேன். தூக்கினால் சுகம், இறக்கினால் வேதனை. என்ன கொடுமை இது!

என் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல், தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அவர் கையைத் தட்டி, அமுக்கிப் பார்த்தார். கூச்சத்தோடு ஆராதனை விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க, கையைத் தூக்கித் தலைமேல வைங்க. இப்ப வலிக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப கோளாறு கையில இல்ல, கழுத்துல இருக்கும்னு தோணுது. கையைத் தூக்குறப்ப நரம்பு இழுபடாம தளருது, அதான் வலி விடுது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துருவோம்."

ஸ்கேனிலும் அதுவேதான். கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. வயசும் ஒரு காரணம், குனிந்தே தைத்ததும் ஒரு காரணம் என்றார். மாத்திரை கொடுத்தார், பிசியோதெரபிக்கு அனுப்பினார், மிஷினை உயர்த்திப் போட்டு நிமிர்ந்து தைக்கச் சொன்னார். ஆபரேஷன் வரைக்கும் போகவில்லை. விரல்களில் பிடி மெல்ல மெல்லத் திரும்பியது.

அன்றைக்குக் கையை உயர்த்தாமல் இருந்திருந்தால் டாக்டரம்மாவிடம் சொல்ல என்னிடம் என்ன இருந்திருக்கும்? என் ஜெபத்துக்குப் பதில் அன்றைக்கே வந்துவிட்டது, எனக்குத்தான் புரியவில்லை.

வலியோடு வந்திருக்கிறவர்களே, நம்பி ஜெபம் பண்ணுங்கள். டாக்டரிடமும் போங்கள். ஜெபத்தில் நடந்ததையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இன்று காலை ஆராதனையிலும் இந்தக் கையை உயர்த்தினேன். பாட்டு முடிந்ததும் இறக்கினேன். இறக்கியும் வலிக்கவில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்!