லாக் புக்கில் எழுதாத ஒரு கான்டாக்ட்

1. முறுக்கு ஃபிலிம்

இருபத்தெட்டு வருஷம் லோ டெம்பரேச்சர் லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். மாமல்லபுரம் போகும் ரோட்டுப் பக்கம் எங்கள் லேப். கடல் காற்றில் ஸ்குரூ முதற்கொண்டு துருப்பிடிக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் பெருமையான கதை கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது இதுதான்.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் கருங்குழியிலிருந்து ரேவதி என்ற பெண் எங்களிடம் பிஎச்டி செய்ய வந்துபோய்க்கொண்டிருந்தாள். சிலிக்கான் தகட்டின் மேல் மாங்கனீசு சிலிசைடை மெல்லிய ஃபிலிமாகப் படியவைப்பாள்.

"இதுக்குள்ள காந்தம் நேரா நிக்காதுண்ணா. எங்கம்மா சுத்துற கைமுறுக்கு மாதிரி ஒரே பக்கமா முறுக்கிக்கினே போவும்" என்பாள். அதிலிருந்து லேப் முழுக்க அதற்கு முறுக்கு ஃபிலிம் என்றே பெயர்.

அந்த முறுக்கு, ஓடும் கரண்ட்டைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளும். தள்ளினால் குறுக்கே தோன்றும் ஹால் வோல்டேஜின் கிராஃபில் ஒரு சின்ன மேடு தெரிய வேண்டும். அந்த மேடுதான் அவள் தீசிஸ். அப்பாவுக்குக் கிட்னி கெட்டுப்போயிருந்தது. ஃபெலோஷிப் முடிய ஒன்றரை வருஷம் பாக்கி. அதற்குள் தீசிஸ் கொடுத்துவிட்டு வெளிநாட்டு லேபுக்குப் போய்விட வேண்டும் என்பது அவள் கணக்கு.

2. மைனஸ் பக்கம்

ஹால் அளவுக்கு ஒரு விதி உண்டு. காந்தப்புலத்தை பிளஸ் பக்கம் ஒரு முறை, மைனஸ் பக்கம் ஒரு முறை ஏற்றி அளக்க வேண்டும். ஃபிலிமில் ஒட்டும் கான்டாக்ட் ஒயர்கள் நேருக்கு நேர் உட்காராததால் ஒரு பொய் வோல்டேஜ் வரும். அது இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கும், கழித்தால் போய்விடும். நடுவில் கான்டாக்ட் மாறினால் போகாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

முதல் ஃபிலிமை அளக்க வேண்டிய அன்று அவள் அப்பாவோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தாள். "நீங்க எடுத்தா நான் எடுத்த மாதிரிதாண்ணா" என்று போனில் சொன்னாள்.

பிளஸ் பக்கம் ஒழுங்காக முடிந்தது. மைனஸ் தொடங்கியதும் ஒரு ஒயர் பிடுங்கிக்கொண்டது. சாம்பிள் மாட்டிய புரோபை ஹீலியம் குளிரிலிருந்து வெளியே எடுத்துச் சூடேறவிட்டு, சில்வர் பேஸ்ட் வைத்து மறுபடி ஒட்டினேன். ஹீலியம் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் மணிக்கு போன் போட்டேன்.

"அண்ணாத்த, ஹீலியம் அவ்ளோதான் கீது. கம்ப்ரஸர் பேஜார் பண்ணிகினு கீது. இனிமே அடுத்த வாரந்தான்" என்றான்.

இருந்தது ஒரு பக்கத்துக்குத்தான் காணும். மைனஸை மட்டும் எடுத்தேன். ஒட்டியது பழைய இடத்தில்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லாக் புக்கில் டெம்பரேச்சர், ஃபீல்டு, கரண்ட் எல்லாம் எழுதினேன். ஒயர் பிடுங்கியதை மட்டும் எழுதவில்லை. என் கான்டாக்ட் விழாது என்று லேபில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்த வீம்புதான், வேறென்ன.

மறுநாள் ரேவதி கழித்துப் பார்த்தாள். மேடு வந்திருந்தது. எங்கள் சீஃப் கைதட்டினார். அவள் அடுத்த நாள் ஒரு டப்பா நிறைய அம்மா சுற்றிய கைமுறுக்கு கொண்டுவந்தாள். நான் இரண்டு தின்றேன்.

3. சமமான கோடு

பேப்பர் வந்தது. வெளிநாட்டு லேப் ஒன்று, தீசிஸ் முடித்ததும் வா என்றது. பேப்பரில் வந்த சாம்பிளை யாரும் தொடக் கூடாது என்று சீஃப் அதை எடுத்துப் பூட்டி வைத்தார். புது ஃபிலிம்களில் அதே மேட்டைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. ஒரு வருஷம் ஃபிலிம் மேல் ஃபிலிமாகப் போட்டாள். ஒன்றிலும் மேடு இல்லை.

"மொத ஃபிலிம்ல வந்துச்சில்ல? இப்ப ஏன் வரல? உன் கை சரியில்லம்மா" என்றார் சீஃப், என் எதிரிலேயே.

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ஒரு வருஷம் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அவள் போட்ட ஒவ்வொரு ஃபிலிமுக்கும் நானே ஒயர் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் தாங்க முடியாமல் சொன்னேன்.

சீஃப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ரேவதி கேட்டது ஒன்றுதான். "எந்த ஒயருண்ணா?"

பழைய சாம்பிளை வெளியே எடுத்து, அவளே கான்டாக்ட் வைத்து, இரண்டு பக்கமும் எடுத்தாள். மேடே இல்லை, சமமான கோடு. பேப்பரை வாபஸ் வாங்கும் கடிதத்தையும் அவளே எழுதினாள். வெளிநாட்டிலிருந்து அதன்பிறகு பதிலே இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, அடுத்த வாரம் ரெண்டு நாள் வேலைண்ணா" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஃபெலோஷிப் முடிந்தது. நாவலூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவுக்கு மருந்து நிற்கக் கூடாதே. தீசிஸ் அப்படியே நின்றுபோனது.

கடைசி நாள் லாக் புக்கைக் கேட்டு வாங்கினாள். அந்தத் தேதியைத் தேடிப் பிடித்து, ஓரத்தில் எழுதினாள்: பிளஸ் பக்கம் முடிந்தபின் கான்டாக்ட் மாற்றப்பட்டது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தன மணிக்கு ஒட்டுனீங்க?"

எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மதியம் ஒன்றா, இரண்டா என்று இழுத்தேன்.

"வேணாண்ணா. தெரியாதத எழுதக் கூடாது" என்று புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, கான்டாக்ட் மாறினால் அப்போதே எழுதுங்கள். மணியோடு எழுதுங்கள். ரிடையர் ஆன அன்றும் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவள் எழுதிய வரிக்கு நேரே, நேரம் எழுதும் கட்டம் காலியாகத்தான் இருந்தது.